அரை மணி நேரக் காட்டு நடை: அஞ்செட்டிப் பக்கம் நடந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

இது கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டிப் பகுதியில், காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில், மாசி மாதக் கடைசியில் நடந்தது. மலேசியாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி, உள்ளூர் நண்பர்களோடு சின்னதாகக் காட்டுக்குள் நடந்துவிட்டு வரலாம் என்று போனார். போன நால்வரும் உயிரோடு திரும்பினார்கள். ஆனாலும் அன்று மாலை இரண்டு ஆபத்துகள் ஒரே நேரத்தில் வந்தன. ஒன்று எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. மற்றது நெடுநேரம் யார் கண்ணுக்கும் படவில்லை.

நான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பள்ளிகளுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் முதலுதவி வகுப்பு எடுப்பவன். சம்பந்தப்பட்ட நால்வரிடமும் தனித்தனியாகப் பேசினேன், மருத்துவமனைச் சீட்டையும் பார்த்தேன். எழுதுவதற்கு அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். பெயர்களும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விருந்தினர், தோழி, தோழியின் கணவர், தோழியின் அண்ணன் மகன் என்றே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

விருந்தினருக்கு அறுபதை ஒட்டிய வயது. பணி ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் நடப்பவர். மலேசியாவில் காட்டுப் பூங்காக்களில் ஏறி இறங்கிப் பழக்கமும் உண்டு. ஆகவே அவரால் நடக்க முடியுமா என்ற கேள்வியே யாருக்கும் எழவில்லை. அந்த நம்பிக்கை தவறும் இல்லை. கடைசிவரை கால்கள் அவரைக் கைவிடவில்லை.

அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. மெட்ஃபார்மின், கிளிக்ளசைடு என்று இரண்டு மாத்திரைகள் எடுக்கிறார். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் நிகழ்வின் மையம். மெட்ஃபார்மினை மட்டும் எடுத்துக்கொள்பவருக்குச் சர்க்கரை அபாயகரமாக இறங்குவது அபூர்வம். கிளிக்ளசைடு அப்படி அல்ல. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சுரக்க வைக்கும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற நம்மூரில் பரவலாகத் தரப்படும் மாத்திரைகளும் இதே வகைதான். இவற்றைப் போட்டுக்கொண்டு உணவைக் குறைத்து, கூடவே உடலுழைப்பையும் கூட்டினால் சர்க்கரை விழும்.

தோழிக்கும் விருந்தினருக்கும் பல ஆண்டுப் பழக்கம். அக்கா, தங்கச்சி என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். அப்படியிருந்தும் விருந்தினர் தன் நோயைப் பற்றிச் சொன்னதில்லை. "வந்த இடத்தில் நோயைப் பேசிக்கொண்டிருந்தால் அவர்கள் சமையலையே மாற்றிவிடுவார்கள், எனக்கு அது பிடிக்காது" என்றார் என்னிடம்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் மேற்கு ஓரம் முழுக்க யானைக் காடு. காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 504 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். காவிரி தெற்கு 2022-இல் வந்தது, 686 சதுர கிலோமீட்டர். இந்தக் காடுகள் கர்நாடகப் பக்கம் பன்னேருகட்டாவோடும் அங்குள்ள காவிரிச் சரணாலயத்தோடும் தொடர்ச்சி உள்ளவை. ஐப்பசி தொடங்கி ராகி அறுப்பு முடியும்வரை கூட்டம் கூட்டமாக யானைகள் இந்தப் பக்கம் இறங்குவது ஊரறிந்த விஷயம். அறுவடைக்குப் பிறகு பெருங்கூட்டங்கள் போய்விடும். தங்கிவிடும் யானைகளும் உண்டு. கோடை நெருங்க நெருங்க அவை தண்ணீர் இருக்கும் குட்டை, ஏரி, பள்ளங்களைச் சுற்றியே நிற்கும். மாசிக் கடைசியில் மாலை வேளையில் ஒரு குட்டையை நோக்கி நடப்பது என்றால், யானை வரும் இடத்துக்கு யானை வரும் நேரத்தில் போகிறோம் என்றுதான் பொருள்.

காலை முதல் மதியம் வரை

விருந்தினர் வந்து இரண்டு இரவுகள்தான் ஆகியிருந்தன. மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. கைக்கடிகாரத்தை அவர் மாற்றவில்லை. அங்கே காலை எட்டு மணிக்கு மாத்திரை போடுவது வழக்கம், அதையே பிடித்துக்கொண்டார். நம் கணக்கில் அது காலை 5.30. இரண்டு பிஸ்கட்டும் பால் சேர்க்காத தேநீரும் எடுத்துக்கொண்டு மாத்திரையைப் போட்டுவிட்டார். வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை. காலைச் சிற்றுண்டி ஒன்பது மணிக்கு, இரண்டு இட்லி. வழக்கமாக அவர் காலையில் நன்றாகச் சாப்பிடுகிறவர். அன்று மதியம் விருந்து என்று தெரிந்ததால் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டார்.

மதியம் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். களி சாப்பிட்டுப் பழகாதவர்களுக்கு அது சிரமம். மென்றால் வாயிலேயே ஒட்டும். உருண்டையைக் கிள்ளி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும். விருந்தினர் மெல்லப் பார்த்தார், முடியவில்லை. விழுங்கப் பார்த்தார், தொண்டையில் நின்றது. எலுமிச்சை அளவுக்கு நான்கைந்து முறை எடுத்திருப்பார். குழம்பையும் கறித்துண்டுகளையும் சாப்பிட்டுவிட்டு "வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று எழுந்துவிட்டார். சோறு வடிக்கட்டுமா என்று தோழி கேட்டிருக்கிறார். எனக்காகத் தனியாக உலை வைக்க வேண்டாம் என்று மறுத்திருக்கிறார். இலையில் மீதியிருந்த களியைத் தோழி பார்த்தார். சங்கடப்படுத்த வேண்டாம் என்று மேலே கேட்கவில்லை.

கறியில் புரதமும் கொழுப்பும் உண்டு, மாவுச்சத்து இல்லை. காலை 5.30-க்குப் போட்ட மாத்திரைக்கு மாலை வரை அவர் உடலுக்குள் போன மாவுச்சத்து இரண்டு பிஸ்கட், இரண்டு இட்லி, கொஞ்சம் களி. அவ்வளவுதான்.

புறப்பாடும் எச்சரிக்கையும்

மாலை 3.40-க்குப் புறப்பட்டார்கள். காட்டுக்குள் ஒரு குட்டை, அதன் கரையில் முனியப்பன் கோவில். "இதோ பக்கத்துலதான் அக்கா, போயிட்டு அரை மணி நேரத்துல வந்துடலாம்" என்றார் தோழியின் கணவர். உண்மையில் போக மட்டுமே அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. பூசைக்குத் தேங்காய், வாழைப்பழம், கற்பூரம், அச்சுவெல்லம் ஒரு மஞ்சள் பையில். தண்ணீர் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று, நால்வருக்கும். விருந்தினரின் கைப்பை வீட்டிலேயே இருந்தது. சர்க்கரை பார்க்கும் கருவியும் மிட்டாயும் அதற்குள்தான்.

கடைசி வயலைத் தாண்டியதும் யானை அகழி வரும். வண்டித்தடம் போகும் இடத்தில் அகழி தூர்ந்திருக்கிறது. அதைக் கடந்தால் காப்புக்காடு. அந்த இடத்தில் மாடுகளை ஓட்டிக்கொண்டு திரும்பிய பெரியவர் ஒருவர், தோழியின் கணவரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அஞ்செட்டிப் பக்கம் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும். வீட்டுக்கு வீடு மொழி மாறும். பெரியவர் சொன்னது: இரண்டு நாளாக ஒற்றை ஆண் யானை ஒன்று குட்டைப் பக்கம் நிற்கிறது, பார்த்துப் போங்கள். கணவர் சிரித்துத் தலையாட்டினார். என்ன சொன்னார் என்று விருந்தினர் கேட்டதற்கு, "சீக்கிரம் திரும்பச் சொல்றார்" என்று மட்டும் பதில். தோழிக்கும் கன்னடம் புரியும். அவரும் விளக்கவில்லை. அக்கா பயந்துவிடுவார், ஆசையாக வந்தவர் பாதியில் திரும்புவதா என்று இருவருமே நினைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. எச்சரிக்கையைக் கேட்கும் உரிமை நடக்கிற எல்லோருக்கும் உண்டு. அந்த வாக்கியம் தமிழில் சொல்லப்பட்டிருந்தால் விருந்தினர் திரும்பிவிடலாம் என்று சொல்லியிருப்பார். அவரிடம் கேட்டபோது தயங்காமல் அப்படித்தான் சொன்னார்.

அனுமதி விஷயமும் இருக்கிறது. ஊர்க்காரர்கள் மாடு மேய்க்கவும் சாமி கும்பிடவும் போய்வரும் தடம் என்பதால் அது எல்லோருக்கும் பொது வழி என்று இவர்கள் நினைத்தார்கள். அப்படி அல்ல. சரணாலயத்துக்குள் வெளியாட்கள் நுழைய 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவதும் குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே தமிழகத்தில் தனி விதிகளும் வந்துவிட்டன.

குட்டையில்

அதுவரை நடை நன்றாகவே இருந்தது. இலையுதிர்ந்த காடு, உசிலையும் வேலமும் நின்ற செம்மண் தடம். மழைக்காட்டுக்குப் பழகிய விருந்தினருக்கு நிழலே இல்லாத காடு புதிது. வழியில் யானை லத்தி கிடந்தது. அண்ணன் மகன் கல்லூரியில் படிப்பவர், காட்டில் ஆர்வம் உள்ளவர். குச்சியால் கிளறிக் காட்டினார். மேலே காய்ந்து நார் நாராக இருந்த லத்தி பழையது என்று விளக்கினார். சற்றுத் தள்ளி இன்னொன்று பச்சை மாறாமல், ஈரமாக, ஈ மொய்த்துக் கிடந்தது. அது அன்று போட்டது. அவருக்கு அது தெரிந்தது. பெரியவர்கள் பேசிக்கொண்டே முன்னால் போனதால் சொல்ல வாய் வரவில்லை என்றார். மண்ணில் பதிந்திருந்த முன்னங்கால் தடத்தையும் பார்த்திருக்கிறார். முன்னங்கால் தடத்தின் சுற்றளவைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு யானையின் தோள் உயரம் என்பார்கள். அந்தக் கணக்கில் வளர்ந்த ஆண் யானை.

கோவிலில் தேங்காய் உடைத்தார்கள். வாழைப்பழத்தைக் குரங்குகள் பறித்துக்கொண்டு போய்விட்டன. பேச்சும் புகைப்படமுமாக நேரம் போனது. திரும்பும்போது மணி 4.55.

ஒற்றை யானை

பத்து நிமிடம் நடந்திருப்பார்கள். தடத்தின் வலப்பக்கம் உண்ணிச்செடிப் புதருக்குள் கிளை முறியும் சத்தம் கேட்டது. அண்ணன் மகன் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். ஐம்பது அறுபது மீட்டர் முன்னால் புதருக்கு மேலே முதுகு தெரிந்தது. அப்புறம் யானை தடத்துக்கே வந்து நின்றது.

இனி நடந்தவற்றில் பெரும்பகுதி சரியாகவே செய்யப்பட்டது, அதனால் விரிவாகச் சொல்கிறேன். தோழியின் கணவர் முதலில் சொன்னது, ஓரமாகப் புதர் வழியே சுற்றிப் போய்விடலாம் என்பது. அண்ணன் மகன் மறுத்தார். புதருக்குள் போனால் யானையை நம்மால் பார்க்க முடியாது, அதற்கோ வாசனை தெரியும். காற்று இவர்கள் பக்கமிருந்து யானையை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. யானை காதை விரித்துத் தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை மோந்தது. ஓட வேண்டாம், கத்த வேண்டாம், முகத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு மெல்லப் பின்னால் போகலாம் என்றார். ஓடும் மனிதனை யானை எளிதில் பிடித்துவிடும். ஃபோனை எடுத்த கணவரிடம் "மாமா, உள்ள வைங்க" என்று இந்த இளைஞர் கடிந்து சொல்லியிருக்கிறார். வயதில் சிறியவர் சொன்னதைப் பெரியவர்கள் அந்த நேரத்தில் கேட்டார்கள். அது பெரிய விஷயம்.

வந்த வழியே சுமார் இருநூறு மீட்டர் பின்வாங்கி, இடப்பக்கம் சரிவாக உயர்ந்த பெரிய பாறை மேல் ஏறினார்கள். யானை ஏற முடியாத செங்குத்தான பக்கம் ஒன்று அதற்கு இருந்தது. மணி 5.20. யானை தடத்தைவிட்டு நகரவில்லை. காத்திருப்பது என்று முடிவு செய்தார்கள். ஃபோனில் சிக்னல் இல்லை.

பாறை மேல்

எல்லோருடைய கவனமும் யானை மீதே இருந்தது. விருந்தினரை யாரும் கவனிக்கவில்லை.

5.40 போல அவர் கை நடுங்குவதை அண்ணன் மகன் பார்த்தார். நெற்றியும் மேலுதடும் வியர்த்திருந்தன. வெயில் இறங்கிக் காற்று குளிர ஆரம்பித்திருந்த நேரம் அது, மற்ற மூவருக்கும் வியர்வை காய்ந்துவிட்டது. "பயப்படாதீங்க பெரியம்மா, அது போயிடும்" என்று தண்ணீர் கொடுத்தார். விருந்தினர் பாட்டிலைத் தள்ளிவிட்டார். அவர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை. இருந்தும் பயம் என்றே எடுத்துக்கொண்டார்கள். யானை எதிரே நிற்கும்போது நடுக்கத்துக்கு வேறு காரணம் தேட யாருக்குத் தோன்றும்? சர்க்கரை இறங்கும்போது வரும் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் பயத்தில் வருபவைதான். இரண்டிலும் உடல் சுரப்பது ஒரே அட்ரினலின். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் பேச்சில் தெரிந்தது. ஆறு மணிக்கு விருந்தினர் தோழியைப் பார்த்து, "பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். எந்த பஸ் அக்கா என்றதற்குப் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே கேள்வி, நாக்கு குழறியபடி. தோழி அவர் கையைப் பிடித்தார். சில்லென்று, சேலை நனைய வியர்த்திருந்தது. தோழியின் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஒருமுறை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கோவிலுக்குப் போன அம்மா வரிசையில் நின்றபோது இதேபோலச் சம்பந்தமில்லாமல் பேசியதைத் தோழி நேரில் பார்த்திருக்கிறார். உடனே காதருகே குனிந்து, "அக்கா, சுகர் மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டார். விருந்தினர் தலையை ஆட்டினார்.

கையில் கருவி இல்லை, உறுதி செய்ய வழி இல்லை. தோழி உறுதிக்காகக் காத்திருக்கவில்லை. அன்று எடுத்த முடிவுகளில் ஆகச் சிறந்தது இது. சர்க்கரை நோயாளி ஒருவர் குழம்பிப் பேசினால், அளக்க முடியாத இடத்தில், இனிப்பைக் கொடுத்துவிட வேண்டும். சர்க்கரை உண்மையில் கூடியிருந்தாலும் இரண்டு மூன்று கரண்டி இனிப்பால் பெரிய கேடு வராது. குறைந்திருந்து கொடுக்காமல் விட்டால் வலிப்பு, மயக்கம், உயிரிழப்பு வரை போகலாம்.

மஞ்சள் பையில் அச்சுவெல்லம் மிச்சம் இருந்தது. ஒன்றைக் கல்லால் நுணுக்கி, பாட்டிலில் மீதியிருந்த தண்ணீரில் போட்டுக் குலுக்கினார்கள். தோழி முதலில் ஒரு மூடி அளவு மட்டும் கொடுத்து, விழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்த்தார். விழுங்கினார். அப்புறம் சிறிது சிறிதாக மீதி. விழுங்க முடியாத நிலையிலோ நினைவில்லாத நிலையிலோ இருந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றியிருக்கக் கூடாது. ஊற்றியது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அப்படிப்பட்டவரைப் பக்கவாட்டில் படுக்க வைத்து மருத்துவ உதவிக்கு வழி பார்ப்பது ஒன்றே செய்யக்கூடியது. தோழிக்கு இது தெரிந்திருந்தது.

பதினைந்து நிமிடம் கழித்தும் நடுக்கம் முழுதாக நிற்கவில்லை. இன்னொரு வெல்லத்தை உடைத்து வாயில் அடக்கிக்கொள்ளக் கொடுத்தார்கள். 6.30-க்கு விருந்தினர் தெளிந்தார். பஸ்ஸைப் பற்றிக் கேட்டது அவருக்கு நினைவில்லை. இன்றுவரை நினைவில்லை.

வெளியேறியது

அண்ணன் மகன் பாறையின் உச்சிக்கு ஏறி, ஃபோனை உயர்த்திப் பிடித்து ஊரில் ஒருவரைப் பிடித்தார். தகவல் வேட்டைத் தடுப்புக் காவலருக்குப் போனது. 7.10-க்கு அவரும் ஊர்க்காரர் இருவரும் டார்ச்சோடு எதிர்ப்பக்கப் பள்ளம் வழியாக வந்தார்கள். வருவதற்கு முன்பே பேசி, இறங்காமல் அங்கேயே இருக்கும்படி உறுதியாகச் சொல்லியிருந்தார் காவலர். யானை தடத்தைவிட்டு எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது, இருட்டிவிட்டது. காவலர் தடத்தைத் தொடவே இல்லை. ஓடையின் மணல் வழியே சுற்றி அழைத்துவந்தார். 7.50-க்கு வீடு.

மருத்துவமனை

வீட்டுக்கு வந்ததும் விருந்தினர் தன் கருவியில் பார்த்தார். 4.1 என்று காட்டியது. தோழியின் கணவருக்கு நூற்றிருபது, நூற்றெண்பது என்றுதான் கேட்டுப் பழக்கம், மெஷின் கெட்டுவிட்டது போல என்றார். கெடவில்லை. மலேசியாவில் சர்க்கரையை மில்லிமோலில் அளக்கிறார்கள், இந்தியாவில் மில்லிகிராமில். அந்த எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் நம் கணக்கு வரும். 4.1 என்பது 74. எழுபதுக்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை என்று வைத்திருக்கிறார்கள். வெல்லம் சாப்பிட்டு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே ஆன நிலையில் 74 என்பது நிம்மதி தரும் எண் அல்ல.

விருந்தினர் சரியாகிவிட்டது, படுத்தால் போதும் என்றார். பயண அலுப்பு, இவர்களுக்கு வேறு தொல்லை என்ற எண்ணம். மதியம் சோற்றை மறுத்தபோது தோழி விட்டுக்கொடுத்தார். இப்போது விட்டுக்கொடுக்கவில்லை. "நீங்க திட்டினாலும் பரவாயில்லை அக்கா, வண்டி சொல்லியாச்சு" என்றார். சர்க்கரை போட்ட பாலும் ரொட்டியும் கொடுத்து, காரில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப் போனது நல்லதாகிவிட்டது. மலேசிய வணிகப் பெயர் மருத்துவருக்குத் தெரியாதது, அட்டையில் இருந்த மூலப்பெயரைப் படித்ததும் விளங்கிவிட்டது. இந்த வகை மாத்திரையின் வேலை நெடுநேரம் நீடிக்கும், வயதானவர்களுக்குச் சர்க்கரை ஏறிவிட்டு மறுபடி இறங்கும், இரவு தங்கித்தான் ஆக வேண்டும் என்றார் மருத்துவர்.

சேர்க்கும்போது 82. இரவு 11.40-க்கு 58. செவிலியர் "அம்பத்தெட்டு" என்று சொன்னதும் விருந்தினர் அரைத் தூக்கத்தில் "நல்லாத்தானே இருக்கு" என்றிருக்கிறார். அவர் ஊர்க் கணக்கில் 5.8 என்பது நல்ல எண், அப்படியே காதில் விழுந்திருக்கிறது. நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினார்கள். பால் குடித்துவிட்டு வீட்டில் தூங்கியிருந்தால் அந்த 58-ஐ யார் பார்த்திருப்பார்கள்? மறுநாள் காலை 140-ஐ ஒட்டி நிலைத்தது. கிளிக்ளசைடை நிறுத்தி வைத்து, ஊருக்குப் போனதும் தன் மருத்துவரைப் பார்க்கும்படி எழுதிக் கொடுத்து அன்று பிற்பகல் அனுப்பினார்கள்.

இரண்டு நாள் கழித்து வனத்துறையிலிருந்து கூப்பிட்டு விசாரித்தார்கள். மறைக்காமல் சொன்னார்கள், எச்சரிக்கப்பட்டார்கள். வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் அப்போதுதான் இந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தது. மருத்துவமனையில் பாஸ்போர்ட் கேட்டபோது எழுந்த பேச்சு அது.

என் மதிப்பீடு

யானையை முக்கியக் காரணமாக நான் பார்க்கவில்லை. யானை வராமல் போயிருந்தாலும் சர்க்கரை விழுந்திருக்கும். வீட்டு வாசலிலோ குளியலறையிலோ விழுந்திருக்கும். யானை செய்தது ஒன்றுதான். நடுக்கத்துக்கு ஒரு பொய்யான காரணத்தைக் கையில் கொடுத்து இருபது நிமிடத்தைத் தின்றுவிட்டது.

நால்வரிடமும் பேசியதில் திரும்பத் திரும்ப வந்தது கூச்சம். களி இறங்கவில்லை என்று விருந்தினர் சொல்லவில்லை. இலையில் மீதி இருந்ததைத் தோழி கேட்கவில்லை. மாடு ஓட்டிய பெரியவர் சொன்னதைக் கணவர் சொல்லவில்லை. ஈர லத்தியைப் பார்த்த பையன் பெரியவர்களிடம் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் மற்றவருடைய சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்றுதான் வாயை மூடியிருக்கிறார்கள். இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, அன்புதான் இருந்தது. அதனால்தான் இதைத் திருத்துவது கடினம். அன்று நிலைமையை மாற்றிய ஒவ்வொரு முடிவும் கூச்சத்தை உடைத்த ஒரு வாக்கியத்தில் வந்தது. "மாமா, உள்ள வைங்க", "சுகர் மாத்திரை போடுறீங்களா?", "வண்டி சொல்லியாச்சு", மூன்றுமே அப்படி வந்தவைதான்.

வெல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது காப்பாற்றியது, உண்மை. அதற்காக யானைக் காட்டுக்குள் வாழைப்பழமும் வெல்லமும் கொண்டுபோகலாம் என்று ஆகாது. அந்த வாசனைக்கு யானையும் குரங்கும் தேடி வரும். ஒட்டிய உறையில் வரும் குளுக்கோஸ் பொடிப் பொட்டலம் மருந்துக் கடையில் கிடைக்கிறது. அது சட்டைப் பையில் இருந்தால் போதும்.

மாறியவையும் மாற வேண்டியவையும்

விருந்தினர் ஊர் திரும்பித் தன் மருத்துவரைப் பார்த்தார். சிறுநீரகப் பரிசோதனையும் செய்து, கிளிக்ளசைடின் அளவைக் குறைத்திருக்கிறார்கள். பயணத்தின்போது மாத்திரையைக் கடிகாரத்தோடு கட்டாமல் சாப்பாட்டோடு கட்டும்படி சொல்லியிருக்கிறார்கள். எந்த நாட்டுக்குப் போகும் சர்க்கரை நோயாளியும் கிளம்பும் முன்பே தன் மருத்துவரிடம் இதைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அவர் இப்போது ஒரு சீட்டில் நோயையும் மாத்திரைகளின் மூலப்பெயர்களையும் எழுதிச் சேலை முடிச்சில் இல்லாவிட்டால் ஃபோன் உறையில் வைத்துக்கொள்கிறார். சர்க்கரை அளவை இரண்டு கணக்கிலும் அதிலேயே குறித்திருக்கிறார்.

தோழி வீட்டில் விருந்தினர் யார் வந்தாலும் முதல் நாளே மாத்திரை உண்டா, எப்போது சாப்பிட வேண்டும் என்று கேட்டுவிடுகிறார்கள். களி செய்தால் பக்கத்தில் கொஞ்சம் சோறும் வடித்துவிடுகிறார்கள், கேட்காமலேயே.

காட்டு நடை வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 வழித்தடங்களில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அய்யூர் – சாமியேரி, குத்திராயன் மலை இரண்டும் இருக்கின்றன. வழிகாட்டியோடு போகலாம். வேறு இடமானால் வனச்சரகரிடம் கேட்டு, அவர் முடியாது என்றால் போகாமல் இருந்துவிட வேண்டும். போகிறவர்கள் காலையில் போய்ப் பத்து மணிக்குள் திரும்புவது, ஊரில் ஒருவரிடம் எப்போது வருவோம் என்று சொல்லிவிட்டுப் போவது, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் எடுப்பது என்பதை அந்த ஊர் இளைஞர் மன்றத்தில் இப்போது பழக்கமாக்க முயல்கிறோம்.

என் வகுப்பிலும் ஒன்றை மாற்றியிருக்கிறேன். முன்பெல்லாம் பாம்புக்கடி, எலும்பு முறிவு, வெயில் மயக்கம் என்று காட்டுக்கான பாடத்தைத் தொடங்குவேன். இப்போது முதல் பத்து நிமிடம், புறப்படும் முன் ஒருவரையொருவர் கேட்க வேண்டிய கேள்விகளுக்குப் போகிறது. என்ன மாத்திரை போடுகிறீர்கள், கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டீர்கள், வழியில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று மாணவர்களை இரண்டிரண்டு பேராக நிறுத்தி வாய்விட்டுக் கேட்க வைக்கிறேன். சிறியவர் பெரியவரைக் கேட்பதுபோல் அமைத்தால் முதலில் தயங்குகிறார்கள், இரண்டாவது முறையில் சரியாகக் கேட்கிறார்கள்.